மூன்றாம் ஓலைக்கு முன்

“ஜெபத்துல வந்த விஷயத்தைப் பொய்யிங்கியா? முழங்கால்ல நின்னு சொன்னதுலா அது!”

“சத்தத்தைக் குறைங்க மைனி. முன்னால ஐயர் நிக்காரு.”

“நிக்கட்டும். அவருக்கும் தெரியணும்லா. என் வீட்டுக்கு வரப்போற மருமவளுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கா இல்லையான்னு நான் கேக்கக் கூடாதா?”

“ஐயோ, அப்படி நான் சொல்லவே இல்லையே!”

“நீ சொல்லல. உனக்குப் பிறவு வந்தவ சொன்னா. பிள்ளை மதராசி கேம்ப்புல வளருதாம். இவ வாராவாரம் போயி பால் டப்பா குடுத்துட்டு வாராளாம்.”

“எனக்கு என்னத்த தெரியும் மைனி? சுகிர்தம் அக்கா பாரமா இருக்குன்னு சொன்னாவ. நான் அடுத்த வீட்டுல சொன்னேன். ஜெபிக்கத்தானே சொன்னேன்!”

“ஜெபிச்சு முடிச்சாச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. தடை உண்டான்னு ஐயர் கேப்பாருல்லா? நான் எந்திரிச்சு நிப்பேன். ஆசீர் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கான். சபை கேக்கட்டும்.”

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இந்தச் சண்டை நடந்தது. இந்தப் பக்கம் டீ கிளாஸ்கள் அடுக்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் சுகிர்தம். தன் பெயர் காதில் விழுந்ததும் அவள் கால் நகரவில்லை. தட்டைத் தொட்டி விளிம்பில் இறக்கி வைத்தாள்.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டிகள் முடிந்த மறு வருஷம் அது. டெல்லியில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. காலையில் இங்கிலீஷ் ஆராதனை நடக்கும் பழைய கோயில் ஒன்றை ஞாயிறு சாயங்காலம் எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் அதிகம். அதனால் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு அவர் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். யாரும் எழுந்து நின்றதாக நினைவில்லை.

சத்தம் போட்டது ஞானப்பூ. லோதி காலனிக்காரி, ஆசீரின் அம்மா, வயதில் மூத்தவள். பதில் சொன்னது நேத்தாஜி நகர் ஜெபமணி. பேச்சில் அடிபட்டது தங்கம். நாசரேத்திலிருந்து வந்து இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண். ஆசீருக்கும் அவளுக்கும்தான் இரண்டு ஓலை வாசித்து முடிந்திருந்தது.

விஷயம் புறப்பட்டது சுகிர்தத்தின் வாயிலிருந்து.

எங்கள் பெண்களிடம் சங்கிலி ஜெபம் என்று ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை உபவாசம். ஒரு வீட்டில் ஒருத்தி ஜெபித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்கு நடந்து போய், ஜெபக்குறிப்புகளை வாய்மொழியாகக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் ஜெபித்துவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குப் போவாள். சரோஜினி நகரில் சுகிர்தம் வீட்டில் தொடங்கி, நேத்தாஜி நகர், லக்ஷ்மிபாய் நகர், கித்வாய் நகர் என்று போய் லோதி காலனியில் ஞானப்பூ வீட்டில் முடியும். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஆபரேஷன், பையனுக்கு வேலை, வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் வரக்கூடாது, இப்படித்தான் குறிப்புகள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு ஆபத்து அதில் இருந்தது. வேறு எந்த இடத்தில் சொன்னாலும் புறணி என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்ளும் விஷயத்தை, ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்தால் தைரியமாகச் சொல்லலாம். கேட்பவளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். யாருக்கும் உறுத்தாது.

அந்த வாரம் சுகிர்தம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் தங்கம் நின்றாள். பால்பவுடர் டப்பா ஒன்றும் கிரைப் வாட்டர் பாட்டிலும் வாங்கிப் பையில் அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டாள். சுகிர்தத்தைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “வரேன் ஆன்ட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். “பையா, ஜங்புரா. மதராசி கேம்ப். ஜல்தி” என்று அவள் சொன்னது சுகிர்தத்தின் காதில் விழுந்தது. கூலி வேலைக்கு வந்த தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் இடம் அது.

பார்த்ததும் கேட்டதும் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜெபமணியிடம் அவள் சொன்னதோ இது: “தங்கத்துக்காக விசேஷமா ஜெபிக்கணும் ஜெபமணி. கல்யாணம் நெருங்குது. மதராசி கேம்ப்புக்குப் பால் டப்பா வாங்கிட்டுப் போறா. மறைவா ஏதோ ஒரு குழந்தை விஷயம் இருக்காப்புல தெரியுது. மனசு பாரமா இருக்கு.”

லோதி காலனி போய்ச் சேர்வதற்குள் அந்தக் குழந்தை பிறந்து, பெயர் மட்டும் வைக்காமல், மதராசி கேம்ப்பில் வளர ஆரம்பித்துவிட்டது.

*

“ஏளா, ஏன் இப்படி வேர்த்து நிக்க? டீயைக் கொட்டிட்டியா?” என்று கேட்டார் தேவசகாயம். சுகிர்தத்தின் வீட்டுக்காரர். மத்திய சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். கூலருக்கு முன்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

“வாயில இருந்துதான் கொட்டிட்டு” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, “விடு. ஒரு வாரத்துல மறந்துருவாவ” என்றார்.

“ஒரு வாரத்துல மூணாவது ஓலைங்க. ஞானப்பூ மைனி சொன்னா செய்வாவ. அந்தப் பிள்ளை அத்தன பேரு முன்னால என்ன செய்யும்? நான் போய் எல்லா வீட்டுலயும் திருப்பி வாங்கப் போறேன்.”

“வாயில இருந்து வந்ததைத் திருப்பி வாங்க அது என்ன பால் பாட்டிலா, காலி பாட்டிலக் குடுத்து மாத்த?”

“ஆண்டவர் என் வாய்க்கு ஒரு காவக்காரனைப் போட்டிருக்கணும்.”

“கூர்க்காவைப் போட்டா பிரயோஜனம் இல்ல. அவன் ராத்திரிதான் விசில் ஊதுவான். உனக்குப் பகல் டூட்டி ஆளுல்லா வேணும்.”

மற்ற நாளென்றால் அவளும் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. அவரும் அதைக் கவனித்துவிட்டு, கூலரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் நர்ஸ் ஹாஸ்டலுக்குப் போனாள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தங்கம் டூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

“என்னால வந்தது பிள்ள. நான்தான் முதல்ல சொன்னது” என்றாள் சுகிர்தம்.

“தெரியும் ஆன்ட்டி. உங்களைத் தவிர யாரும் என்னை மார்க்கெட்ல பாக்கல.”

“என்னை மன்னிச்சிரு. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாலயே எழும்பி நின்னு சொல்லிருதேன், நான் சொன்னது தப்புன்னு.”

“வேண்டவே வேண்டாம். இதுவரைக்கும் கேக்காதவங்களும் அப்ப கேட்டுருவாங்க. யாரு காதுல விழுந்துச்சோ அவங்ககிட்ட மட்டும் போங்க.”

“சரி. அப்போ அது யாரு குழந்தைன்னு சொல்லிரு. நான் போய் ஒவ்வொரு வீட்டுலயும் அடிச்சுச் சொல்லுதேன்.”

தங்கம் தலையை ஆட்டினாள். “அது நான் சொல்லக் கூடாதது. ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கான்னு கேட்டுச்சு. சரின்னேன். ஆசீர்கிட்டகூட பேரைச் சொல்லல. அவரு கேக்கவும் இல்ல.”

“கல்யாணம் நின்னு போச்சுன்னா?”

“நின்னா நிக்கட்டும்னு வீரமா சொல்லத் தெரியல ஆன்ட்டி. நேத்துப் பூரா அழுதேன். வார்டுல ஒரு சிஸ்டர் என்கிட்டயே கேட்டுட்டா. ஆனா நான் தப்பிக்க அவ பேரைச் சொல்லட்டா? எனக்கு ஒரு வேலை இருக்கு, ஹாஸ்டல் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?”

சுகிர்தம் பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “உண்மை தெரியாம நான் போய் என்னத்தைச் சொல்ல?”

“நீங்க பாத்ததைச் சொல்லுங்க. பாக்காததைப் பாக்கலைன்னு சொல்லுங்க. என்னை நல்ல பிள்ளைன்னும் சொல்லாதீங்க. அதுக்கும் நாலு கேள்வி கேப்பாங்க.”

உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, “முடிஞ்சா ஞாயித்துக்கிழமைக்கு முன்னால” என்றாள்.

*

பஸ்ஸில் வரும்போதே சுகிர்தம் தான் சொல்ல வேண்டியதை முடிவு செய்துகொண்டாள். நான் பார்த்தது ஒரு பால் டப்பா. குழந்தையை நான் பார்க்கவில்லை. மற்றது நானாகச் சேர்த்தது, அது தப்பு. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்க லேசாக இருக்கும். பேசிப் பேசியே சபையில் பெயர் வாங்கிய பெண்ணுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

“அக்கா, போன பஸ்ஸுக்கு எதுக்குக் கையைக் காட்டுதீய?” என்று ஜெபமணி சிரித்தாள். ரூஹ் அஃப்ஸா சர்பத் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். “சரி, அந்தக் குழந்தை யாருது? எனக்கு மட்டும் சொல்லுங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“எனக்குத் தெரியாது ஜெபமணி.”

“தெரியாமலா இவ்வளவு தூரம் வெயில்ல வந்தீய?”

“தெரியாததைச் சொன்னதுக்குத்தான் வந்தேன்.”

ஜெபமணியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, “வாராவாரம் போறான்னு சொன்னது நானா இருக்கலாம்க்கா” என்றாள். “ஒரு தடவை போனவ மறுதடவை போகாமலா இருப்பான்னு தோணிச்சு. பொய் சொல்லணும்னு இல்ல.”

“பொய் சொல்லணும்னு நானும் நினைக்கல.”

“அப்போ நான் போய் ருக்மிணி டீச்சர்கிட்ட சொல்லணுமா? அவங்க வகுப்புல நிக்க வெச்ச மாதிரி கேப்பாங்களே!”

“நீ வந்தாலும் வராட்டாலும் நான் போறேன்.”

ஜெபமணி வரவில்லை. பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும் நேரம் என்றாள்.

லக்ஷ்மிபாய் நகர் ருக்மிணி டீச்சர் தமிழ் ஸ்கூலில் பாடம் எடுப்பவர், மெட்ராஸ்காரர். சுகிர்தம் சொன்னதைக் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகுதான் வெடித்தார்.

“என்னங்க சுகிர்தம்மா, விளையாடறீங்களா? அன்னிக்கு முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காம அந்தப் பொண்ணுக்காக அழுதேன். ஒரு பால் டப்பாவுக்கா அழுதேன்?”

“ஆமா டீச்சர்.”

“ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அவள் முகமும் ஒரு மாதிரி ஆனது, எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள், அந்த அக்கறையில் சொன்னேன். எல்லாம் தொண்டைவரை வந்தன. எல்லாமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு. “இல்ல டீச்சர். தப்பு என்னோடது” என்றாள்.

“இனி உங்க சங்கிலிக்கு நான் வரமாட்டேன். என் ஜெபத்தை நானே பண்ணிக்கறேன்” என்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்தடுத்த நாட்களில் சங்கிலியிலிருந்த மற்ற வீடுகளுக்கும் போனாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், இப்படிச் சொல்லத் தங்கம் உனக்கு என்ன கொடுத்தாள் என்று கேட்டார்கள். கித்வாய் நகரில் அம்சவேணி என்று ஒருத்தி. வாதம் வந்து படுத்த படுக்கையாயிருக்கும் புருஷனைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

“எனக்கு வந்துச்சு அக்கா. நான் அடுத்த வீட்டுக்குச் சொல்லல. மத்தக் குறிப்பெல்லாம் சொன்னேன், இதை மட்டும் விட்டுட்டேன்.”

“ஏன்?”

“இவரு இப்படி விழுந்தப்ப என் வீட்டைப் பத்தி என்னவெல்லாம் ஜெபிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்லா.”

அவள் சொல்லாமல் விட்டதை, ருக்மிணி டீச்சரே ஞானப்பூவை பஸ் ஸ்டாப்பில் பார்த்து நேரடியாகச் சொல்லியிருந்தார். சங்கிலியில் ஒரு கண்ணி வாயை மூடினாலும் விஷயம் சுற்றுவழியில் போய்விட்டது. ஆனாலும் சுகிர்தத்துக்கு அந்த வீட்டுப் படியிறங்கும்போது ஒரு பலம் வந்தது. மூடிய வாய் ஒன்றாவது இந்த ஊரில் இருக்கிறது. நானும் மூடலாம்.

*

சனிக்கிழமை லோதி காலனி. கீழ்வீடு. பின்பக்க முற்றத்தைப் பார்த்த வராந்தாவில் ஞானப்பூ சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக் குழாயடியில் வேலைக்காரப் பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞானப்பூவுக்கு முதுகுப் பக்கம் முற்றம். சுகிர்தத்துக்கு எதிரில் முற்றம்.

“வா. நீ வீடு வீடாப் போறது எனக்கும் வந்துட்டு” என்றாள் ஞானப்பூ. “எனக்குக் கடைசியாவா?”

“வரிசைப்படி வந்தேன் மைனி. நான் பாத்தது ஒரு பால் டப்பா. குழந்தையை நான் பாக்கல. மத்தது நானாச் சேத்தது. அது தப்பு.”

“மனப்பாட வசனம் மாதிரி ஒப்பிக்க. இதைக் கேட்டுட்டு நான் மகனுக்குக் கட்டி வெக்கணுமா? பால் டப்பா யாருக்குன்னு சொல்லு. கல்யாணமாகாத பிள்ளைக்கு மதராசி கேம்ப்புல எந்தக் குழந்தை?”

குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றது.

சுகிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். பொன்னி என்று கூப்பிடுவார்கள். கேம்ப்பிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவள். கழுத்தில் கயிறு இல்லை. கையில் கரியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முந்தானை நழுவியிருந்தது. ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்திருந்தது. குழாய்த் தண்ணீர் அப்படித் தெறிக்காது. பால் கட்டிய நேரத்தில் குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டால் எப்படி ஆகும் என்று, பிள்ளை பெற்று வளர்த்த சுகிர்தத்துக்குத் தெரியும்.

பொன்னி அவளைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்து மூடினாள். தலையை மட்டும் மெல்ல, வேண்டாம் என்பது போல அசைத்தாள்.

“என்ன பேச்சைக் காணோம்?” என்றாள் ஞானப்பூ. சுளகை நிறுத்திவிட்டு சுகிர்தத்தின் முகத்தையே பார்த்தாள். “உனக்குத் தெரியும். இப்ப உன் முகத்துல தெரியுது. சொல்லு. ஒரு பேரைச் சொல்லு. நான் நாளைக்கு வாயைத் திறக்க மாட்டேன். என் மகன் கல்யாணத்தை நானே முன்ன நின்னு நடத்துதேன். தங்கத்துக்கு மேல விழுந்த பழி ஒரு நொடியில போயிரும். உனக்கும் நிம்மதி.”

ஒரே ஒரு பெயர். இந்த முறை பொய்கூட இல்லை. உண்மை. வாரம் முழுக்கத் தேடியது கண்ணெதிரே குழாயடியில் உட்கார்ந்திருக்கிறது. சொன்னால் தங்கம் தப்பித்துவிடுவாள். பொன்னி இன்றைக்கே இந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டியதுதான். நாளைக்கு இந்தக் காலனியில் எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். கேம்ப்பில் யார் என்ன சொல்லி அந்தக் குழந்தையை மறைத்து வைத்திருக்கிறார்களோ, அதுவும் உடைந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை பொன்னிக்காக எல்லாரும் ஜெபிப்பார்கள்.

உதடுவரை வந்த பெயரைச் சுகிர்தம் விழுங்கிக்கொண்டாள். ஆண்டவரே, பகல் டூட்டிக்கு ஆளை அனுப்பும் என்று மனதுக்குள் கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கவில்லை.

“சொல்லுதியா மாட்டியா?”

“மாட்டேன் மைனி.”

“அப்போ தெரியும்.”

“தெரியும்னும் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது சொல்லியாச்சு.”

“அப்போ நாளைக்கு நான் எந்திரிச்சு நிப்பேன். அந்தப் பிள்ளை அழுதா அது உன் தலையில.”

“அது முதல்ல இருந்தே என் தலையிலதான் மைனி. ஆனா ஒண்ணு. ஒருத்தியைத் தூக்கிவிட இன்னொருத்தியைத் தள்ளிவிட மாட்டேன். நீங்க என்னைப் பொய்க்காரின்னு சபை முன்னால சொல்லுங்க. ஆமாம்னு எந்திரிச்சு நிக்கேன்.”

சொல்லிவிட்டு எழுந்தாள். ஞானப்பூ போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. சுளகைத் தட்டத் தொடங்கினாள்.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. பொன்னி. ஈரக்கையில் சுகிர்தத்தின் குடை.

“அம்மா, குடை.”

வாங்கிக்கொண்டாள். பொன்னி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை. கோயிலில் ஈரச் செருப்பு வாடை. தங்கம் பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும் சுகிர்தம் வழக்கமான முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அம்சவேணி தாமதமாக வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் ஓலையை வாசித்தார். இரண்டு பெயர்கள், இரண்டு ஊர்கள், அப்பா அம்மா பெயர்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். வழக்கம்போல நின்றார்.

பெஞ்ச் ஒன்று கிரீச்சென்றது. ஞானப்பூ எழுந்துவிட்டாள்.

ஆசீர் ஆண்கள் பக்கத்திலிருந்து, “அம்மா” என்றான். தங்கத்தின் கை பக்கத்தில் தேடி சுகிர்தத்தின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. சுகிர்தமும் எழுந்து நிற்கத் தயாரானாள்.

ஞானப்பூ பின்னால் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தாள். அவள் செருப்பில்லாத காலின் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அம்சவேணியைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளு” என்றாள். தங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐயர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

டீ நேரத்தில் ஞானப்பூவே சுகிர்தத்திடம் வந்தாள். குரலைத் தாழ்த்திப் பேச அவளுக்கு வராது. அன்று தாழ்த்தினாள்.

“நேத்து நீ ஒரு பேரைச் சொல்லியிருந்தா, நான் அதையும் முழுசா நம்பியிருக்க மாட்டேன். அதுவும் ஒரு கதைன்னுதான் நினைச்சிருப்பேன். ஆனா வாய்வரைக்கும் வந்ததை நீ முழுங்கினதைப் பாத்தேன். உன்னை இத்தனை வருஷமா எனக்குத் தெரியும். நீ எதையும் முழுங்கினவ கிடையாது.”

“ஆமா மைனி.”

“இவ்வளவு கெட்ட பேரு எடுத்தும் ஒருத்தி வாயை மூடுதான்னா, தங்கத்தைப் பத்தி முன்னால சொன்னது தப்புன்னு அவ இப்பச் சொல்லுறதும் நிசமாத்தான் இருக்கும். யாரு குழந்தைன்னு இனி கேக்க மாட்டேன். கேட்டாலும் சொல்லாத.”

“சொல்ல மாட்டேன்.”

கல்யாணம் நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். தங்கம் சுகிர்தத்திடம் மரியாதையாகப் பேசுவாள், அதற்கு மேல் நெருங்கவில்லை. ருக்மிணி டீச்சர் சங்கிலிக்குத் திரும்பி வரவில்லை. ஜெபமணி, “சுகிர்தம் அக்காகிட்ட எதையும் சொல்லாதீய, வீடு வீடா வந்து நின்னுருவாவ” என்று கேலி செய்துகொண்டிருந்தாள். பொன்னி அந்த வீட்டில்தான் வேலை செய்தாள். கொஞ்ச நாளில் ஞானப்பூ அவளை மத்தியானத்தில் ஒரு தடவை வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். ஏன் என்று கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கண் இருக்கிறவள்தானே அவளும்.

சங்கிலி ஜெபம் நிற்கவில்லை. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபமணியின் வாசலில் சுகிர்தம் சொன்னாள்: “இனிமே அவங்கவங்க குறிப்பை அவங்கவங்கதான் சொல்லணும். அடுத்தவ விஷயம் தெரிஞ்சா, அதை ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லணும். அவருக்குப் பக்கத்து வீடு கிடையாது.” பல பேருக்கு இது பிடிக்கவில்லை. சில வாரம் ஜெபக்குறிப்பே இல்லாமல் சங்கிலி சுற்றியது. அவள் விடவில்லை.

கதையை இங்கே நிறுத்துகிறேன். நாவைக் காக்க வேண்டும் என்று எல்லாச் சபையிலும் பிரசங்கம் கேட்கிறோம். பொய்யை அடக்குவது ஒரு மாதிரி. கையில் உண்மை இருந்து, அதைச் சொன்னால் ஒருத்திக்கு நன்மை வரும் என்றும் தெரிந்து, இன்னொருத்திக்காக வாயை மூடுவது வேறு மாதிரி. அந்த லோதி காலனி வராந்தாவில் சுகிர்தம் செய்தது சரிதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் தங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது அவ்வளவு சுலபமாக இல்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பீர்களா? உங்கள் சபையில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் இப்படி நடப்பதை எப்படி நிறுத்தினீர்கள்? தயவுசெய்து பதில் எழுதுங்கள். யாருடைய பெயரையும் போடாமல் எழுதுங்கள்.